1/1000 விண்கலம்: பேனல் கோடுகளைக் கறுப்பாக்கலாமா?

சாம்பல்கிண்ணம்:
வணக்கம். 1/1000 அளவில் ஒரு பிளாஸ்டிக் மாடல், கற்பனை விண்வெளிப் போர்க்கலம், 30 செ.மீ. நீளம். ஒட்டி முடித்து சாம்பல் பிரைமர் அடித்தாகிவிட்டது. கையில் இருப்பவை ஸ்ப்ரே டப்பாக்கள், தூரிகைகள், மாஸ்கிங் டேப். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) கிடையாது, இப்போதைக்கு வாங்கும் எண்ணமும் இல்லை. பேனல் கோடுகளில், அதாவது தகடுகள் சேரும் இடத்துப் பள்ளக் கோடுகளில், கறுப்பு வாஷ் (நீர்க்கக் கரைத்த பெயிண்ட்) விட்டால் டீடெய்ல் தூக்கலாகத் தெரியும் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லோருமே சொல்கிறார்கள். விடலாமா? 300 மீட்டர் கப்பல் என்று கண் நம்பணும், அவ்வளவுதான் ஆசை.

பசைவிரல்:
கறுப்பு வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்க. கோட்டின் அகலம் 0.2 மி.மீ. என்றால் நிஜக் கப்பலில் அது 20 செ.மீ. தகட்டுக்குத் தகடு ஒரு சாண் பிளவு இருந்தால் உள்ளே காற்று எப்படி நிற்கும்? அச்சு வார்ப்பவருக்கு அதைவிட மெல்லிசாகக் கோடு இழுப்பது கஷ்டம், சரி. அதற்காக நாம் மை பூசி ஊரறியச் செய்யணுமா? அடிநிறத்தைவிடச் சற்றே அடர்ந்த சாம்பலில் துளி பழுப்பு கலந்து விடுங்க, போதும். கறுப்பு எல்லாம் எஞ்சின் வாய், ஹேங்கர் வாசல் மாதிரி நிஜமாகவே இருட்டும் இடங்களுக்கு.

கப்பலைப் பெரிதாகக் காட்டுவது தகடுகளுக்கு இடையிலான நிற வேறுபாடுதான். அதற்கு ஏர்பிரஷ் கட்டாயமில்லை. கெட்டி அட்டையில் வெவ்வேறு அளவில் செவ்வக ஓட்டைகள் வெட்டிக்கொள்ளுங்க. அடிநிறத்திலிருந்து மூன்று கலவை: ஒன்றில் துளி நீலம், ஒன்றில் துளி மஞ்சள், ஒன்று கொஞ்சம் அடர்த்தி. மேக்கப் ஸ்பாஞ்சில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய காய்ந்த நிலையில் அட்டை வழியாகத் தட்டுங்க. ஒரே வரிசையில் தட்டினால் குளியலறைத் தரை ஆகிவிடும்; அட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்கணும். கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கும்போது, நிறம் மாறுகிறதா இல்லையா என்று சந்தேகம் வரவேண்டும். துருத்திக்கொண்டு தெரியும் தகட்டை, நீர்க்கக் கரைத்த அடிநிறத்தால் ஒரு பூச்சு கொடுத்து அடக்கிவிடலாம்.

பிறகு 2எச் பென்சிலை ஊசியாகச் சீவி, எஃகு அளவுகோல் வைத்து, அச்சில் இல்லாத கோடுகளையும் சில இடங்களில் சேருங்க. மேற்பரப்பு பளபளப்பில்லாமல் மேட் ஆக இருந்தால்தான் பென்சில் பிடிக்கும். இந்த அளவில் எனக்கு ஏர்பிரஷைவிடப் பிரியமான கருவி அதுதான்.

தகட்டுத்தூசி:
"சந்தேகம் வரும் அளவுக்கு" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நாசாவின் டிஸ்கவரி விண்வெளி ஷட்டிலின் புகைப்படங்களைப் பாருங்கள். 39 முறை பறந்தது. அடிப்பக்கத்தில் வெப்பம் தாங்கும் பழைய கறுப்பு ஓடுகள் வெளுத்துச் சாம்பலாகிவிட்டன, மாற்றிய புது ஓடுகள் பக்கத்திலேயே கன்னங்கறுப்பு. நிஜமே அப்படிப் பளிச்சென்று இருக்கும்போது நாம் ஏன் பயப்படணும்? இன்னொன்று: அழுக்குத் தாரை மேலிருந்து கீழே வழிகிற மாதிரி போடாதீர்கள். ஷட்டிலில் அது காற்று ஓடிய வாக்கில், மூக்கிலிருந்து வால் பக்கம் போகும். வளிமண்டலத்துக்குள்ளேயே நுழையாத கப்பலுக்கு அதுவும் வேண்டாம், துருவும் வேண்டாம்.

பசைவிரல்:
தாரை விஷயத்தில் மறுபேச்சே இல்லை. ஆனால் ஓடு? அது ஏறக்குறைய 15 செ.மீ. சதுரம். 1/1000-இல் 0.15 மி.மீ., கண்ணுக்கே சிக்காது. 37 மீட்டர் ஷட்டிலே 4 செ.மீ.க்குள் அடங்கிவிடும்! அந்தப் பளிச் எல்லாம் கலந்து ஒரே சாம்பலாகத்தான் தெரியும். 1/72 என்றால் நீங்கள் சொல்வதுதான் சரி, ஓடு ஓடாக வேறுபடுத்துவேன்.

சாம்பல்கிண்ணம்:
கறுப்பு வாஷை மூடி வைத்துவிட்டேன். சாம்பல்-பழுப்பு வாஷ் எனாமலில்தான் (எண்ணெய் வகைப் பெயிண்ட்) இருக்கிறது. அதை எந்தக் கட்டத்தில் விடணும்?

தகட்டுத்தூசி:
ஸ்பாஞ்சும் பென்சிலும் முடிந்ததும் பளபள வார்னிஷ், அதன்மேல் டெக்கல் (எழுத்து, சின்னங்களுக்கான ஒட்டுப்படம்), டெக்கலை மூட மறுபடி வார்னிஷ், நன்றாகக் காய்ந்த பிறகு வாஷ். மிஞ்சியதை எனாமல் தின்னர் தொட்ட பட்ஸால் துடையுங்கள். வெறும் பிளாஸ்டிக் தெரியும் இடத்தில், முக்கியமாக இறுக்கமாகச் செருகிய மூட்டுகளில், தின்னர் தேங்க விடாதீர்கள், விரிசல் விடும். கடைசியில் முழுக்க மேட் வார்னிஷ். மினுங்கினால் 30 செ.மீ. என்பது உடனே தெரிந்துவிடும்.

பசைவிரல்:
ஜன்னல்களுக்கு எல்இடி வைப்பதாக இருந்தால் இப்போதே சொல்லுங்க. ஒட்டிய கலத்தைப் பிரித்து உள்ளே கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடிக்கணும். இல்லையென்றால் பிளாஸ்டிக் முழுக்க ஒளி கசியும்.