புல்லில் மட்டுமே மாடும் செம்மறியும் வளர்த்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

மேய்ச்சல்காரன்
எஸ்டேட் பண்ணையில் எனக்கு இரண்டாவது வருடம். தானியம் கிடையாது, மின்வேலி போட்டு வயலைத் துண்டாகப் பிரித்து, மாடுகளைத் தினமும் அடுத்த துண்டுக்கு மாற்றுவதுதான். அன்று பழைய துண்டில் புல் ஒட்ட மேய்ந்து கிடந்தது. மாடுகள் விடியலிலிருந்தே வேலியோரம் நின்று கத்தின. பாவமாக இருந்தது, அடுத்த துண்டைத் திறந்துவிட்டேன். க்ளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி மண்டிய துண்டு, பனி ஈரம்கூடக் காயவில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. 26 மாதக் காளை ஒன்று தனியே நின்றது. இடது விலாவுக்குப் பின்னால் முதுகுக்கு மேலேயே உப்பியிருந்தது. தட்டினால் மத்தளச் சத்தம். நாக்கு வெளியே தொங்கியது. எண்ணெய் எடுக்க ஓடினேன். பாட்டிலோடு திரும்பும்போது முன்னங்கால் மடங்கி விழுந்துவிட்டது. காலையில் வேலியோரம் முதலில் கத்தியது அதுதான்.

கிடைக்குட்டி
எனக்கு நடந்தது ஆட்டில். மாட்டையும் செம்மறியையும் ஒன்றாக மேயவிட்டிருந்தோம். மாட்டுக்கு வைத்த தாது உப்புக்கட்டியை ஆடுகளும் நக்கின, நக்கட்டும் என்று விட்டேன். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒருநாள் ஆடுகளை வண்டியில் ஏற்றி வேறு வயலுக்கு மாற்றினோம். இரண்டு நாளில் ஒரு தாய் ஆடு என் கண் முன்னே காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தது. கண்ணெல்லாம் மஞ்சள். கட்டியில் இருந்த தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே வந்து, அலைச்சலில் மொத்தமாக ரத்தத்தில் இறங்கிவிட்டதாம். மாட்டுக்குத் தேவையான அளவே செம்மறிக்கு விஷம். அந்த ஆடு போய்ச் சேர்ந்தது, கூட நான்கு ஆடுகளும். அதன் பிறகு இரண்டையும் சேர்த்து மேய்ப்பதே இல்லை.

பழைய மந்தை
மேய்ச்சல்காரன் தம்பி, தப்பு எண்ணெயில் இல்லை, வேலியைத் திறந்ததில். க்ளோவர், குதிரை மசால் இரண்டும் வயிற்றில் நுரையாகப் பொங்கும். வாயு அந்த நுரைக்குள் மாட்டிக்கொண்டால் மாட்டால் ஏப்பம் விட முடியாது. வயிறு நுரையீரலை அழுத்தி மூச்சு நின்றுவிடும். அதனால் முதலில் உலர்புல் போட்டுப் பாதி வயிறு நிரப்ப வேண்டும். பனி காய்ந்த பிறகுதான் திறக்க வேண்டும். பசியோடு ஒருபோதும் விடக்கூடாது. விதைக்கும்போதே புல் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெய் நுரையை உடைக்கும், ஆனால் தள்ளாடும் மாட்டின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். அந்த நிலையில் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள இடது பள்ளத்தில் ட்ரோகார் என்ற குழாயோடு கூடிய கூரான ஊசியைக் குத்தி, அந்தக் குழாய் வழியே எண்ணெய் விடுவதுதான் வழி. இடத்தை மருத்துவரிடம் முன்பே காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். டானின் என்ற துவர்ப்புப் பொருள் உள்ள சைன்ஃபாய்ன் என்ற தீவனச் செடியை விதைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. எனக்கும் ஒரு கிடேரி இப்படிப் போனது, அது வேறு கதை.

பச்சைவெளி
ஐயா, அந்த வேறு கதையைத்தானே இங்கே கேட்டார்கள்!

என்னுடையது சாவு இல்லை, அவமானம். முதல் மாட்டின் இறைச்சியை நேரடியாக வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தோம். ஒரு அம்மா பொட்டலத்தைப் பிரித்து, "இதற்கு மஞ்சள் காமாலையா?" என்று எல்லார் முன்னிலும் கேட்டார். கொழுப்பு வெண்ணெய் நிறத்தில் இருந்தது. பச்சைப் புல்லில் உள்ள கரோட்டின் கொழுப்பில் தங்கும், அதனால்தான் மஞ்சள். தெரிந்த விஷயம்தான், ஆனால் அந்த நேரம் வாய் வரவில்லை. திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்காக இன்னும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஈரக்கால்
கிடைக்குட்டி, சேர்த்து மேய்ப்பதை விட்டது சரி என்று நான் சொல்ல மாட்டேன். தப்பு உப்புக்கட்டியில், மாட்டில் இல்லை. செம்மறிக்கான தாமிரம் சேர்க்காத கட்டியை வைத்தால் தீர்ந்தது. நானும் ஒரு வருடம் ஆட்டை மட்டும் அதே வயலில் சுற்றிச் சுற்றி விட்டேன். மழை முடிந்த வாரம் ஒரு குட்டியைத் தூக்கினேன், பஞ்சு மாதிரி இருந்தது. தாடைக்குக் கீழே தண்ணீர்ப்பை தொங்கியது. இமையைப் புரட்டினால் சிவப்பே இல்லை, காகிதம். ரத்தம் குடிக்கும் குடற்புழு. செம்மறியின் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் வளராது, அதனால் மாடு மேய்ந்தால் வயலே சுத்தமாகும். இப்போது மாடு முன்னே, ஆடு பின்னே. இமையின் நிறத்தைப் பார்த்து 1 முதல் 5 வரை மதிப்பிடும் ஃபமாச்சா அட்டையும் பையில் இருக்கும். அந்தக் குட்டியின் எடை மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மேய்ச்சல்காரன்
மந்தை ஐயா சொன்னதெல்லாம் சரி, அன்றைக்குத் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்று காலையும் வேலியோரம் வந்து நின்று கத்தின. உலர்புல்லைப் போட்டுவிட்டு, பத்து மணி வரை அந்தப் பக்கமே போகவில்லை.