ஸ்காட்லாந்து பயணம்: போன தடவை டிக்கி மூடவில்லை, இந்த முறை உருப்படியான வாடகைக் கார் கிடைக்க என்ன செய்ய வேண்டும்?

கோவைக்காரன் (மார்ச் 11)

வணக்கம். மே மாதம் குடும்பத்தோடு ஸ்காட்லாந்து போகிறோம். நான், மனைவி, அப்பா, அம்மா, எட்டு வயது மகள். எடின்பரோவில் இறங்கி இரண்டு நாள், பிறகு கிளென்கோ, ஸ்கை தீவு, இன்வர்னஸ் சுற்றிவிட்டுத் திரும்ப எடின்பரோ. மொத்தம் ஒன்பது நாள். 28 அங்குலப் பெட்டி மூன்று, கைப்பெட்டி இரண்டு. அம்மாவின் இட்லிப்பொடிப் பை தனி, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன வருடம் மான்செஸ்டரில் பட்ட பாடு மறக்கவில்லை. இணையத்தில் புக் செய்தபோது ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் மாதிரி ஒரு வண்டியின் படம் போட்டு "அல்லது அதுபோன்றது" என்று இருந்தது. கவுண்டரில் கோர்சா என்ற சின்ன வண்டியின் சாவியைக் கொடுத்தார்கள். இரண்டு பெரிய பெட்டியை வைத்ததும் டிக்கி மூடவில்லை. கேட்டால், "பெரிய வண்டி வேண்டுமா, நாளைக்கு 25 பவுண்டு கூடுதல்" என்றார். பின்னால் நீள வரிசை, அம்மா நிற்க முடியாமல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். சரி என்று கோர்சாவையே எடுத்துக்கொண்டு, விண்டர்மியர் வரைக்கும் ஒரு பெட்டியைப் பின்சீட்டில் நிறுத்தி, அதில் சாய்ந்தபடியே அம்மா வந்தார்.

இந்த முறை இப்படி ஆகாமல் இருக்க வழி சொல்லுங்கள். சின்ன வண்டி புக் செய்தால் இலவச அப்கிரேட் கிடைக்கும் என்கிறார்களே, உண்மையா? அப்புறம், ஆட்டோ எடுக்கலாமா, மேனுவலே போதுமா?

டீசல்மணி (மார்ச் 11)

உண்மைதான். நான் மூன்று முறை அடிமட்ட வகையை புக் செய்து இரண்டு முறை பெரிய வண்டியில் ஊர் சுற்றினேன். சின்ன வண்டி எல்லாம் முதலில் தீர்ந்துவிடும், வேறு வழியில்லாமல் பெரியதைத் தருவார்கள். கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போங்க, வேலை செய்யும்.

மழைக்குருவி (மார்ச் 11)

அந்த மூன்றாவது முறை என்ன ஆச்சு மணி, அதையும் சொல்லுங்களேன்? தனி ஆள் பையோடு போனால் சூதாடலாம். வயதான பெற்றோரையும் மூன்று பெட்டியையும் வைத்துக்கொண்டு ஆட முடியாது.

ஈஸ்ட்ஹாம் அண்ணை (மார்ச் 12)

தம்பி, நான் ஆறு வருஷம் லண்டனில் ஒரு விமான நிலையத்தில் கார் வாடகைக் கவுண்டரில் நின்றனான். இப்ப வேறு வேலை, அதனால் மனம் விட்டுச் சொல்லலாம்.

"அல்லது அதுபோன்றது" என்று போட்ட இடத்தில் படத்துக்கும் கார் பெயருக்கும் மதிப்பில்லை. மதிப்பு நாலு எழுத்துக்குத்தான். அக்ரிஸ் கோட் என்பார்கள், பெரிய வாடகை நிறுவனங்களுக்கெல்லாம் இது பொது. முதல் எழுத்து அளவு: எம் என்றால் மினி, இ எகானமி, சி காம்பாக்ட், ஐ இன்டர்மீடியட், எஸ் ஸ்டாண்டர்ட். இரண்டாவது எழுத்து வண்டியின் உடம்பு: டி என்றால் சாதாரண நாலைந்து கதவு வண்டி, டபிள்யூ எஸ்டேட் (கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி பெரிதாக இருக்கும் வண்டி), எஃப் எஸ்.யூ.வி. மூன்றாவது கியர்: எம் மேனுவல், ஏ ஆட்டோ. நாலாவதில் ஆர் என்று இருந்தால் ஏசி உண்டு, எரிபொருள் எதுவாகவும் இருக்கலாம். பழைய வவுச்சரை எடுத்துப் பாரும். சி.டி.எம்.ஆர். என்று இருந்தும் கோர்சா தந்திருந்தால் அவர்கள் தரம் குறைத்துவிட்டார்கள், வித்தியாசக் காசைக் கேட்டிருக்கலாம். இ.டி.எம்.ஆர். என்றால் ஒன்றும் பேச முடியாது. கோர்சா, போலோ எல்லாம் அந்த வகைதான்.

அப்கிரேட் கதைக்கு வருவோம். புக் செய்தவர்களில் சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்று, இருக்கிற வண்டியைவிடக் கூடுதலாக புக்கிங் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். மலிவான வகைதான் அதிகம் விற்கும். எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டால் சின்ன வண்டி தீரும், அப்போது மேல் வகையைச் சும்மா கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் சும்மா கொடுப்பதற்கு முன் விற்கப் பார்ப்போம். எனக்குக் கமிஷன் அதில்தான் இருந்தது. ஆளின் உடுப்பைப் பார்க்க மாட்டோம் மணி, பெட்டியைத்தான் பார்ப்போம். ஐந்து பேர், மூன்று பெரிய பெட்டி, கையில் எகானமி வவுச்சர், அலுத்த முகம். அவர் எவ்வளவு சொன்னாலும் தருவார் என்று அப்போதே தெரிந்துவிடும். எந்த வகை குறைச்சல் என்பது கணினித் திரையில் இருக்கும், எங்கள் வாயில் வராது.

ஆகவே உமக்குத் தேவையான உடம்பை முதலே புக் பண்ணும். மூன்று பெரிய பெட்டிக்கு எஸ்டேட்தான் சரி. ஐ.டபிள்யூ.எம்.ஆர். என்று தேடும், ஆக்டேவியா எஸ்டேட் மாதிரி வண்டிகள் அதில் வரும். மேனுவலையே எடும். கோவையில் ஓட்டுகிறவருக்கு இங்கே இடப்பக்கச் சாலையும் இடக்கைக் கியரும் புதிதில்லை. அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் ஆட்டோதான் கேட்பார்கள், அதனால் அதற்கு விலை கூட.

ரத்துக் கட்டணம் இல்லாத புக்கிங்காகப் பார்த்து எடுத்துவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விலையைப் பாரும். இறங்கியிருந்தால் புதிதாக புக் பண்ணிப் பழையதை ரத்து செய்யும். விமான நிலையத்தில் எடுப்பதாக இருந்தால் விமான எண்ணைக் கட்டாயம் எழுதும், தாமதமானாலும் வண்டியை வைத்திருக்க அவர்களுக்கு அதுதான் ஆதாரம். மே மாதம் முதல் திங்களும் கடைசித் திங்களும் இங்கே விடுமுறை. அதற்கு முந்திய வெள்ளி மாலை வண்டி எடுக்கப் போகாதையும்.

கோவைக்காரன் (மார்ச் 12)

அண்ணா, மின்னஞ்சலில் பழைய வவுச்சரைத் தேடி எடுத்துவிட்டேன். இ.டி.எம்.ஆர். என்றுதான் இருக்கிறது! படத்தில் இருந்தது போலோ. போலோவும் கோல்ஃபும் படத்தில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, நானாக கோல்ஃப் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடமாக அந்தக் கவுண்டர்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். ஏழு பேர் உட்காரும் வண்டி எடுத்தால் இன்னும் வசதி இல்லையா?

மழைக்குருவி (மார்ச் 13)

ஏழு சீட்டையும் விரித்தால் பின்னால் இரண்டு காய்கறிப் பைக்குத்தான் இடம். கடைசி வரிசையை மடக்கினால் இடம் தாராளம். ஆனால் நீங்கள் ஐந்து பேர்தான், அவ்வளவு பெரிய வண்டிக்கு ஏன் காசு?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 அங்குலப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 100 லிட்டருக்கு மேல். மூன்றுக்கு 300ஐத் தாண்டும், இரண்டு கைப்பெட்டிக்கு இன்னொரு 80. கோர்சாவின் டிக்கி 309 லிட்டர், கோல்ஃப் 381, ஆக்டேவியா எஸ்டேட் 640. பெட்டி என்பது தண்ணீர் இல்லை, மூலைமுடுக்கில் வழிந்து நிரம்பாது. கோல்ஃபே கிடைத்திருந்தாலும் ஒரு பெட்டி அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

எஸ்.யூ.வி. ஆசையும் வேண்டாம். வெளியே உயரம், டிக்கி பல சமயம் குட்டை. ஸ்கையில் பல சாலைகள் ஒரு வண்டி போகும் அகலம்தான். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடத்தில் நிறுத்தி வழிவிட வேண்டும், சில நேரம் ரிவர்ஸில் போக வேண்டும். அகலமான வண்டி அங்கே பாரம். ஆப்பிள்கிராஸ் என்ற ஊருக்குப் போகும் பியலக் நா பா மலைச்சாலை 626 மீட்டர் வரை ஏறுகிறது. புதிதாக ஓட்டுகிறவர்கள் வர வேண்டாம் என்று அடிவாரத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. எடின்பரோவில் இருக்கும் இரண்டு நாளும் கார் எதற்கு? விமான நிலையத்திலிருந்து டிராம் ஊருக்குள்ளேயே போகிறது. கோட்டையையும் பழைய நகரத்தையும் நடந்தே பாருங்கள், கிளம்பும் நாள் காலையில் ஊருக்குள் இருக்கும் கிளையில் கார் எடுங்கள். இரண்டு நாள் வாடகையும் பார்க்கிங் காசும் மிச்சம், அந்தக் காசில்தான் எஸ்டேட். கிளை ஞாயிறு திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுருக்குப்பை (மார்ச் 13)

நல்ல வண்டி தயாராக நின்றாலும் கார்டு சொதப்பினால் சாவி வராது. என் கதை அது, அதனால் சொல்கிறேன்.

ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். மனைவி கார்டு, அப்பா கார்டு செல்லாது. ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி நம் ஊர்க் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முதலில் மூடியே இருக்கும், வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும். வரம்பையும் உயர்த்தி வையுங்கள், டெபாசிட்டுக்கு ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைப்பார்கள். இயந்திரம் ரூபாயிலா பவுண்டிலா என்று கேட்டால் பவுண்டு. ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள்.

வாடகையோடு வரும் காப்பீட்டில் எக்ஸஸ் என்று ஒன்று உண்டு. சேதம் ஆனால் அந்தத் தொகை வரைக்கும் நம் தலையில். அதைப் பூஜ்யமாக்க கவுண்டரில் தினக் கட்டணம் கேட்பார்கள். இதற்கென்று தனிக் காப்பீடு வெளியே மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் இந்தியாவில் குடியிருப்பவருக்குச் செல்லுமா என்று படித்துவிட்டு வாங்குங்கள். டயர், ரிம், கண்ணாடி, அடிப்பாகம் சேருமா என்பதையும் பாருங்கள். அங்கே நிறைய வண்டிகளில் ஸ்டெப்னியே கிடையாது, பஞ்சர் ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் குட்டி இயந்திரமும்தான்.

நம் லைசென்ஸில் அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். ஆனாலும் ஆர்டிஓவில் சர்வதேச அனுமதிச் சீட்டு ஒன்று வாங்கி வையுங்கள், கவுண்டரில் வாக்குவாதம் குறையும். மகளுக்கு பூஸ்டர் சீட் (குழந்தையை உயர்த்தி உட்காரவைக்கும் இருக்கை) கட்டாயம். 12 வயதோ 135 செ.மீ. உயரமோ, எது முதலில் வருகிறதோ அதுவரை. பின்சீட்டில் மூன்று பேர், அதில் ஒன்று பூஸ்டர். சின்ன வண்டியில் இதுவே நெருக்கும்.

டீசல்மணி (மார்ச் 14)

அந்த மூன்றாவது முறை மூன்று கதவு ஃபியட் கிடைத்தது. மாமனார் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி மடக்கியே என் முதுகு போச்சு. போதுமா குருவி?

கோவைக்காரன் (ஜூன் 2)

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஐ.டபிள்யூ.எம்.ஆர். புக் செய்து, நடுவில் விலை இறங்கியதால் ஒருமுறை ரத்து செய்து மறுபடி எடுத்தேன். எடின்பரோவில் ஊருக்குள் இருக்கும் கிளை, புதன்கிழமை காலை. போனதும், "எஸ்டேட் இன்னும் திரும்பி வரவில்லை, அதைவிடப் பெரிய எஸ்.யூ.வி. இலவசமாகத் தருகிறேன்" என்றார் அந்தப் பெண். பளபளவென்று கறுப்பு வண்டி. மகள் உடனே "அதுதான் வேணும்" என்றாள், எனக்கும் மனசு ஆடியது. "பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மூன்றையும் உருட்டிக்கொண்டு போனேன். இரண்டு நின்றது. மூன்றாவதை மேலே படுக்கப் போட்டால் பின் கண்ணாடி முழுக்க மறைந்தது. கைப்பெட்டிக்கு இடமே இல்லை.

"காத்திருக்கிறேன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது, ஆனால் மறுக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் ஆக்டேவியா எஸ்டேட் ஒன்று திரும்பி வந்தது. கழுவி, ஈரம் சொட்டச் சொட்டச் சாவியைக் கொடுத்தார்கள். ஐந்து பெட்டியும் உள்ளே போய், மேல் திரையும் மூடியது. அப்பா டிக்கியை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்துக்கொண்டார்.

எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்தேன். நாலு ரிம்மையும் குனிந்து தனித்தனியாகப் படம் எடுத்தேன், முன் இடது ரிம்மில் விரல் நீளத்துக்குக் கல் உரசிய கீறல். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு தம்பி நேராக அந்த ரிம்முக்குத்தான் போய்க் குந்தினார். போனை நீட்டினேன். தேதி நேரத்தோடு படத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கையிலிருந்த கருவியில் எதையோ அழுத்தினார். பிடித்து வைத்த டெபாசிட் ஆறாம் நாள் விடுபட்டது.

பியலக் நா பா அடிவாரம் வரை போனோம். "வால்பாறையில் நாற்பது கொண்டை ஊசி பார்த்தவன் நான், போ" என்றார் அப்பா. வளைவு எனக்கும் பயமில்லை, எதிரே வரும் கேம்பர் வேன்தான் பயம். அன்று பனிமூட்டம் வேறு. பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிவிட்டேன், அப்பா இன்வர்னஸ் வரைக்கும் பேசவில்லை.

ஈஸ்ட்ஹாம் அண்ணை (ஜூன் 2)

காத்திருந்தது நல்ல வேலை. புதன் காலை எண்டபடியால் சரி, வெள்ளி மாலை எண்டால் அந்தக் கறுப்பு வண்டியும் போயிருக்கும். அது சரி, அம்மாவின் இட்லிப்பொடிப் பை எங்கே வந்தது?

கோவைக்காரன் (ஜூன் 3)

ஒன்பது நாளும் அம்மா மடியில்தான் அண்ணா. டிக்கியில் இன்னும் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது, "அங்கே வைத்தால் மழைக்கு நமுத்துவிடும்" என்று தரவே மாட்டேன் என்றுவிட்டார்.