புதுப்பிப்பு: 40 விநாடி முந்திய சர்வர் கடிகாரம் சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இரவு கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) ஓடும் என்டிபிடேட் என்ற நேரம் திருத்தும் கருவி, 40 விநாடி முந்தியிருக்கும் கடிகாரத்தை ஒரே இழுப்பில் பின்னுக்குத் தள்ளுகிறது, உடனே பில்லிங் மென்பொருள் நின்றுபோகிறது என்று கேட்டிருந்தேன்.

என்டிபிடேட்டை எடுத்துவிட்டு, கடிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தக்கூடிய குரோனி மென்பொருளைப் போடச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. திருத்தும் வேகத்தின் உச்சவரம்பான மேக்ஸ்லூரேட்டை (maxslewrate) 500 என்று வைத்தேன். விநாடிக்கு அரை மில்லிவிநாடிதான் திருத்தம். 40 விநாடியும் கரைய 22 மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடிகாரம் ஒருமுறைகூடப் பின்னால் போகவில்லை, மென்பொருளும் நிற்கவில்லை.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள். குரோனியின் அமைப்புக் கோப்பில் மேக்ஸ்டெப் (makestep) 1.0 3 என்ற வரி இருந்தால், குரோனி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதல் மூன்று புதுப்பிப்புகளுக்குள் கடிகாரத்தைக் குதிக்க வைக்கலாம். பகலில் ரீஸ்டார்ட் செய்தால் பழைய தொல்லைதான். அந்த வரியை நீக்கிவிட்டேன்.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. இரண்டு நாளில் மறுபடி 40 விநாடி முந்தியது! இந்த சர்வர் ஒரு மெய்நிகர் இயந்திரம், அதாவது இன்னொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடுவது. அந்தக் கணினி, அதாவது ஹோஸ்ட், தன் தவறான நேரத்தை இதற்குள் திணித்துக்கொண்டிருந்தது. முதல் காரணமே அதுதான். அந்த நேர ஒத்திசைவை அணைத்து, ஹோஸ்டிலும் குரோனி போட்டேன். மூன்று வாரமாக குரோனியின் நிலையைச் சொல்லும் குரோனிசி டிராக்கிங் கட்டளை காட்டும் விலகல் ஒரு மில்லிவிநாடிக்குள்தான்.