எட்வர்ட் கோக்கின் ரிப்போர்ட்ஸ்: 11 பாகமா, 13 பாகமா?

ஏட்டுச்சுவடி:
மாக்னா கார்ட்டா திரியில் நேற்று வழக்குமன்றன் சார் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் தனித் திரி. அவர் எழுதியது இது: "சர் எட்வர்ட் கோக் தன் ரிப்போர்ட்ஸை 13 பாகங்களாக வெளியிட்டார். முதலாம் ஜேம்ஸின் முகத்துக்கு நேரே 'அரசனும் சட்டத்துக்குக் கீழேதான்' என்று சொன்னதை 12-ஆம் பாகத்தில் துணிந்து அச்சிலேற்றினார்."

தெரியாதவர்களுக்கு: கோக் முதலாம் ஜேம்ஸ் காலத்து இங்கிலாந்து நீதிபதி, ரிப்போர்ட்ஸ் அவர் தொகுத்த வழக்கு அறிக்கைகள். மேலே உள்ள இரண்டு வாக்கியமும் தவறு. கோக் வெளியிட்டது 11 பாகம். முதல் பாகம் 1600-இல் வந்தது, பதினோராவது 1615-இல். அதற்கப்புறம் 19 வருஷம் உயிரோடு இருந்தார், 1634 செப்டம்பரில் ஸ்டோக் போஜஸில் தன் வீட்டில்தான் இறந்தார், அந்த 19 வருஷத்தில் பன்னிரண்டாவது பாகம் என்று எதையும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. 12-ஆம் பாகம் வந்தது 1656-இல், 13-ஆம் பாகம் 1659-இல். ஆள் போய் 22 வருஷம் கழித்து ஒன்று, 25 வருஷம் கழித்து ஒன்று. இறந்தவர் எப்படி சார் துணிந்து அச்சிலேற்றுவார்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். சட்டம் படித்த காலத்தில் வாய்மொழித் தேர்வில் "11" என்று சொன்னேன். கேட்டவர் சிரித்துவிட்டு "13, போய்ப் படி" என்றார். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்தேன். இனி மூட மாட்டேன்.

வழக்குமன்றன்:
வாய்மொழித் தேர்வில் போன மதிப்பெண்ணை என்னிடம் வசூல் பண்ண வந்திருக்கிறீர்களா? நான் 26 வருஷமாகக் கறுப்பு அங்கி போட்டு நிற்கிறவன். கோக் ரிப்போர்ட்ஸ் என்றால் 13 பாகம். 1826-இல் லண்டனில் தாமஸும் ஃப்ரேசரும் பதிப்பித்த 6 தொகுதிகளை எடுத்துப் பாருங்கள், 13 பாகமும் அதில் இருக்கிறது. அதற்கு முன்பே 1770-களில் ஜார்ஜ் வில்சன் கொண்டுவந்த பதிப்பிலும் 13 பாகம். இவர்களுக்கெல்லாம் எண்ணத் தெரியாது, ஏட்டுச்சுவடிக்கு மட்டும்தான் தெரியும், அப்படித்தானே?

ஏட்டுச்சுவடி:
1826-இல் இரண்டு பேர் சேர்த்துக் கட்டிய புத்தகத்தைக் காட்டி 1615-இல் நின்றுபோன ஒரு மனிதரின் கணக்கைத் திருத்துகிறீர்கள். பைண்டிங் பண்ணியவர் கணக்கு வேறு, எழுதி அச்சுக்குக் கொடுத்தவர் கணக்கு வேறு. 11.

நீலமலர்:
நான் மூன்றாம் ஆண்டு சட்ட மாணவி. ஒரு சந்தேகம் அண்ணா, "வெளியிட்டார்" என்றால் இரண்டு பேரும் என்ன அர்த்தத்தில் சொல்கிறீர்கள்? அவரே கையெழுத்துப்படியை அச்சகத்துக்குக் கொடுத்ததா, அவர் எழுதியது எப்போது யார் மூலம் வந்தாலும் சேருமா? அதை முதலில் முடிவு செய்துவிட்டால் பேச வசதியாக இருக்கும்.

சொல்லேர்:
எல்லோரும் "கோக், கோக்" என்று எழுதுகிறீர்கள், கண்ணுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பெயரின் உச்சரிப்பு "குக்". இங்கிலாந்தில் சட்டம் படித்த யாரிடமும் கேளுங்கள். கோக் என்பது குளிர்பானம்.

வழக்குமன்றன்:
சொல்லேர் அவர்களே, தமிழில் அவரைக் கோக் என்று எழுதுவது பல காலப் பழக்கம். குக் என்று எழுதினால் யாருக்கும் புரியாது, கேப்டன் குக் என்று நினைப்பார்கள்.

சொல்லேர்:
புரியவில்லை என்பதற்காகத் தப்பாக எழுதலாம் என்றால் 13 என்றும் எழுதலாம்தான்.

ஏட்டுச்சுவடி:
சொல்லேர் சொல்வது சரி, ஆனால் அதற்கு இது இடம் இல்லை. 12-ஆம் பாகத்துக்கு வருவோம், ஏனென்றால் சிக்கல் வெறும் எண்ணிக்கையில் இல்லை.

1607-இல் ஜேம்ஸ் நீதிபதிகளைக் கூப்பிட்டு, சட்டம் அறிவின் மேல் நிற்கிறது என்றால் அறிவு எனக்கும் உண்டு, நானே வழக்கைத் தீர்க்கிறேன் என்கிறார். அதற்குக் கோக், உங்களுக்கு இயற்கை அறிவு உண்டு, ஆனால் சட்டத்துக்கு வேண்டியது நீண்ட படிப்பாலும் அனுபவத்தாலும் வருகிற செயற்கை அறிவு என்று பதில் சொல்கிறார். அரசன் கோபப்பட, பிராக்டன் என்ற பழைய சட்ட அறிஞரை மேற்கோள் காட்டி, அரசன் எந்த மனிதனுக்கும் கீழ்ப்பட்டவன் இல்லை, ஆனால் கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவன் என்று முடிக்கிறார். அருமையான காட்சி, எனக்கும் பிடித்த காட்சிதான். ஆனால் இது எங்கே இருக்கிறது? 12-ஆம் பாகத்தில். 1656-இல் வந்த புத்தகத்தில். அப்போது ஜேம்ஸும் இல்லை, அவர் மகன் சார்லஸின் தலையையும் 1649-லேயே வெட்டியாகிவிட்டது. அரசனே இல்லாத இங்கிலாந்தில் அச்சான வரியை, அரசன் எதிரில் துணிந்து அச்சிட்டதாக எழுதுகிறீர்கள்!

அதே காட்சியைப் பற்றி அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று உண்டு. அதன்படி அரசன் கையை ஓங்கிக்கொண்டு வர, கோக் தரையில் நாலு காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார், அரசனின் அமைச்சர் ராபர்ட் செசில் மண்டியிட்டு அவருக்காகக் கெஞ்சினார். எது நடந்தது என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. கோக் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்ததை, அவர் கையால் உலகத்துக்குக் கொடுத்த புத்தகம் என்று சொல்லாதீர்கள் என்கிறேன். அவர் கொடுத்தது 11.

வழக்குமன்றன்:
ஆக கோக் பொய் எழுதினார் என்கிறீர்கள். இங்கிலாந்தின் காமன் ப்ளீஸ், கிங்ஸ் பெஞ்ச் என்ற இரண்டு நீதிமன்றங்களுக்கும் தலைமை நீதிபதியாக இருந்தவர், 1628-இல் அரசனின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய உரிமை மனுவை முன்னின்று கொண்டுவந்தவர், 69 வயதில் லண்டன் டவர் சிறைக்குப் போனவர். அவரைப் பற்றி நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு இப்படிப் பேசலாமா?

ஏட்டுச்சுவடி:
பொய் எழுதினார் என்று எங்கே சொன்னேன்? மேலே போய்ப் படியுங்கள். 11 என்று சொன்னேன்.

கும்பகோணத்தான்:
வழக்குமன்றன் சாருக்கு இது வழக்கம்தான். போன மாதம் லிட்டில்டன் திரியிலும் இதே கதை. "கோக்கின் டென்யூர்ஸ்" என்று எழுதினார். டென்யூர்ஸ் கோக்குக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னால் வாழ்ந்த தாமஸ் லிட்டில்டன் நில உரிமை பற்றி எழுதிய புத்தகம், கோக் 1628-இல் செய்தது அதற்கு உரை, அதுதான் இன்ஸ்டிடியூட்ஸ் என்ற அவருடைய சட்ட நூலின் முதல் பாகம் என்று நான் சொன்னேன். இன்று வரை ஒரு வார்த்தை பதில் இல்லை. திருக்குறளைப் பரிமேலழகர் எழுதியது என்று சொல்கிற மாதிரி.

வழக்குமன்றன்:
அது தட்டச்சுப் பிழை.

கும்பகோணத்தான்:
"கோக்கின் டென்யூர்ஸ்" என்று மூன்று தடவை தட்டச்சுப் பிழை வருமா? அன்று என்னை "புத்தகப் பூச்சி" என்றும் எழுதினீர்கள், அதுவும் தட்டச்சுப் பிழையா?

வழக்குமன்றன்:
சரி, ஏட்டுச்சுவடியிடம் ஒரே கேள்வி. இன்ஸ்டிடியூட்ஸ் 4 பாகம் என்று ஒத்துக்கொள்கிறீர்களா? முதல் பாகம்தான் அவர் இருந்தபோது வந்தது. மாக்னா கார்ட்டா உரை உள்ள இரண்டாம் பாகம் 1642, மூன்றாவதும் நான்காவதும் 1644. மூன்றுமே அவர் இறந்த பிறகு. உங்கள் கணக்குப்படி இன்ஸ்டிடியூட்ஸ் ஒரே பாகம்தான் என்று சொல்லுங்கள் பார்ப்போம். அங்கே மட்டும் இறந்தவர் வெளியிடலாமா?

ஏட்டுச்சுவடி:
கேட்டதற்குச் சந்தோஷம், இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கோக் சாகும் தறுவாயில் இருந்தபோது அரசாங்கம் ஆள் அனுப்பி அவர் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனது, அவர் எழுதி வைத்திருப்பது வெளியே வந்தால் ஆபத்து என்ற பயம். அப்புறம் 'நீண்ட நாடாளுமன்றம்' என்று பெயர் பெற்ற சபை கூடியது, காகிதங்கள் அவர் வாரிசிடம் திரும்பின, 1641 மே 12 அன்று மக்களவை இரண்டாம் பாகத்தை அச்சிட உத்தரவு போட்டது. அரசன் சார்லஸின் அமைச்சர் ஸ்ட்ராஃபோர்ட் பிரபுவின் தலை விழுந்த அதே நாள். எல்லாவற்றுக்கும் மேலாக, 1628-இல் வந்த முதல் பாகத்தின் முன்னுரையிலேயே கோக் நான்கு பாகத் திட்டத்தையும் சொல்லிவிட்டார். மூன்று பாகம் கடவுள் அருளால் முடிந்தது, நீதிமன்ற அதிகாரங்களைப் பற்றிய நாலாவதுக்குப் பொருள் மட்டும் சேர்த்திருக்கிறேன் என்று. அதாவது இன்ஸ்டிடியூட்ஸ் நான்கு என்பது அவரே போட்ட கணக்கு. ரிப்போர்ட்ஸ் 13 என்று அவர் எந்த முன்னுரையில் போட்டார்? காட்டுங்கள்.

வழக்குமன்றன்:
"நாலாவதுக்குப் பொருள் மட்டும்." உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. அரைகுறையாக இருந்த நாலாவது பாகம் கோக்குடையதாம், முழுசாக எழுதி வைத்த 12-ஆம் ரிப்போர்ட் மட்டும் இல்லையாம். நல்ல நியாயம். 13.

ஏட்டுச்சுவடி:
1628-க்கும் 1634-க்கும் நடுவில் அவருக்கு 6 வருஷம் இருந்தது, நாலாவதை எழுதினார். அதை விடுங்கள். 12-ஐ ஏன் அவரே அச்சிடவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்தீர்களா? 1616-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் அரசன் அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்து, உன் ரிப்போர்ட்ஸில் வரம்பு மீறிய கருத்துகள் இருக்கின்றன, உட்கார்ந்து திருத்து என்று உத்தரவு போட்டான். கோக் சில மாதம் கழித்து வந்து 11 பாகத்திலும் சேர்த்து 5 சின்னப் பிழைகள்தான் கண்டேன் என்றார். எப்பேர்ப்பட்ட நெஞ்சு! நவம்பரில் பதவி போயிற்று. அப்படிப்பட்டவர் அதற்குப் பிறகு ரிப்போர்ட்ஸ் என்ற பெயரில் ஒன்றும் வெளியிடவில்லை. திருத்தச் சொன்னது 11-ஐ, அவர் வரிக்கு வரி பொறுப்பேற்று நின்றது 11-க்கு.

இன்னொன்று. தன் பெயரில் பிறர் அச்சடிப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. நாரிச் நகரில் அவர் பேசியதை பிரிக்கெட் என்பவர் 1607-இல் அனுமதி இல்லாமல் அச்சிட்டுவிட்டார், 7-ஆம் பாகத்தின் முன்னுரையில் கோக் அதைக் கண்டித்தே எழுதினார். ஒரு பேச்சுக்கே அப்படிக் கொதித்தவர், தன் குறிப்பேட்டிலிருந்து யாரோ எடுத்துப் போட்ட 12-ஐயும் 13-ஐயும் பார்த்தால் என்ன சொல்லியிருப்பார்?

நீலமலர்:
அண்ணா, அப்படியென்றால் நீங்கள் "அவரே அச்சுக்குக் கொடுத்தது" என்ற அர்த்தத்தில் பேசுகிறீர்கள், வழக்குமன்றன் சார் "அவர் எழுதியது" என்ற அர்த்தத்தில் பேசுகிறார். அப்போது இரண்டு எண்ணும்...

வழக்குமன்றன்:
தங்கச்சி, பெரியவர்கள் பேசும்போது கொஞ்சம் பொறு.

கும்பகோணத்தான்:
பெண் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் "பொறு" என்பதா? கோர்ட்டிலும் ஜூனியர்களிடம் இப்படித்தானா?

வழக்குமன்றன்:
என் ஜூனியர்களைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை. நிர்வாகி கவனிக்கவும்.

மணிமுத்தாறு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 11 என்று கட்டிப்பிடிக்கிறீர்களே, அந்த 11-க்குள் மட்டும் எல்லாம் சுத்தமா? 8-ஆம் பாகத்தில் டாக்டர் பான்ஹாம் வழக்கு. லண்டன் மருத்துவர் கழகம் அபராதம் போட்டு அவரைச் சிறையில் அடைத்தது, அபராதத்தில் பாதி கழகத்துக்கே. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாது என்பது சரி. ஆனால் நியாயத்துக்கு விரோதமான நாடாளுமன்றச் சட்டத்தையே, நீதிமன்றத் தீர்ப்புகளால் வளர்ந்த பொதுச் சட்டம் (காமன் லா) செல்லாதாக்கும் என்று எழுதினாரே, அது மற்ற நீதிபதிகளும் சேர்ந்து சொன்னதா, கோக் தன் கருத்தை உள்ளே வைத்ததா? லார்ட் சான்சலர் என்ற உயர் சட்டப் பதவியில் இருந்த எல்ஸ்மியர் பிரபு அப்போதே இதைத்தான் குறை சொன்னார். அதனால் 11-க்கு இவ்வளவு மரியாதை வேண்டாம்.

ஏட்டுச்சுவடி:
மணிமுத்தாறு, நல்ல கேள்வி, ஆனால் உங்கள் கேள்வியே என் பக்கம்தான் நிற்கிறது. பான்ஹாம் வழக்கை அவர் 1611-இல், அரசனும் எல்ஸ்மியரும் உயிரோடு பதவியில் இருந்தபோதே அச்சிட்டார். அதற்காகத்தான் 1616-இல் கேள்விக்கு ஆளானார். அதுதான் துணிச்சல். 5-ஆம் பாகத்தில் செமெய்ன் வழக்கு, ஒருவனுக்கு அவன் வீடுதான் கோட்டை என்ற வரி, அதையும் 1605-லேயே அச்சிட்டார். 2017-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் அந்தரங்க உரிமைத் தீர்ப்பு வரை அந்த வழக்கு வந்து நிற்கிறது. கோக்கின் ஜென்ம எதிரி ஃபிரான்சிஸ் பேக்கனே, இந்த ரிப்போர்ட்ஸ் இல்லாவிட்டால் சட்டம் பாரம் ஏற்றாத கப்பல் போல் ஆகியிருக்கும் என்று எழுதினார். அப்போது பேக்கன் கையில் இருந்தவை எத்தனை? 11.

சொல்லேர்:
பேக்கன் சொன்னது குக்கைப் பற்றி.

வழக்குமன்றன்:
பேக்கனுக்கு 12 கிடைத்திருந்தால் 12-ஐயும் பாராட்டியிருப்பார். அரசாணைகள் வழக்கு எங்கே இருக்கிறது? அரசன் வெறும் ஆணையால் புதுக் குற்றத்தை உருவாக்க முடியாது என்ற அந்தத் தீர்ப்பு இருப்பது 12-இல். அதை இங்கிலாந்து நீதிமன்றங்கள் இன்றைக்கும் கோக் பெயரில்தான் எடுத்துச் சொல்கின்றன. உலகமே 13 என்று ஏற்றுக்கொண்டதை ஒருவர் மட்டும் 11 என்று பிடித்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

ஏட்டுச்சுவடி:
மறுபடியும் "கோக் பெயரில்". பெயர் வேறு, வெளியீடு வேறு. இன்னும் ஒன்று கேளுங்கள். கோக் தன் 11 பாகத்தையும் சட்ட பிரெஞ்சில், அதாவது அந்தக் கால இங்கிலாந்து வழக்கறிஞர்கள் எழுதிய பிரெஞ்சில், எழுதினார், முன்னுரைகளை மட்டும் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் போட்டார். 12-ஆம் பாகம் 1656-இல் ஆங்கிலத்தில் வந்தது, ஏனென்றால் சட்டப் புத்தகமெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று 1650-இல் சட்டம் போட்டுவிட்டார்கள். மொழி அவர் தேர்ந்ததில்லை, காலம் அவர் தேர்ந்ததில்லை, முன்னுரை அவருடையது இல்லை. முன்னுரை எழுதாமல் கோக் ஒரு பாகமாவது விட்டிருக்கிறாரா? 1614-இல் அவரே வெளியிட்ட 'புக் ஆஃப் என்ட்ரீஸ்' புத்தகத்தைக் கணக்கில் சேருங்கள், தலை ஆட்டுகிறேன். இந்த இரண்டையும் சேர்க்காதீர்கள்.

வழக்குமன்றன்:
13. நாளை ஒரு வாதம் இருக்கிறது, வேலை உள்ளவன் நான்.

கும்பகோணத்தான்:
டென்யூர்ஸுக்குப் பதில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஏட்டுச்சுவடி:
போகட்டும், வருவார். 11 பாகத்துக்கும் தலைப்புப் பக்கத்தில் உள்ள வருஷத்தை வரிசையாக இன்று இரவு இங்கேயே தட்டச்சு செய்து போடுகிறேன், 12-க்கும் 13-க்கும் சேர்த்து. எண்ணத் தெரிந்தவர்கள் எண்ணிக்கொள்ளட்டும்.

வழக்குமன்றன்:
தட்டச்சு செய்யுங்கள். வரிசையில் மொத்தம் எத்தனை வருகிறது என்று கடைசியில் நீங்களே எண்ணிப் பாருங்கள்.