ஆக்சஸ் குவெரியில் கணக்கிட்ட புலம்: தள்ளுபடி இல்லாத பதிவுகளில் தொகை வருவதில்லை

மாட்டுங்கா கணக்கர்:
வணக்கம். மும்பையில் எவர்சில்வர் பாத்திரங்களை மொத்தமாக விற்கும் ஒரு கடையின் கணக்கை மைக்ரோசாஃப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் வைத்திருக்கிறேன். விற்பனைக் குவெரியில் (அட்டவணைத் தரவை எடுத்துக் காட்டும் வினவலில்) எண்ணிக்கையை விலையால் பெருக்கி, தள்ளுபடியைக் கழித்து, ‘தொகை’ என்றொரு புலம் சேர்த்தேன். தள்ளுபடி எழுதாத பதிவுகளில் அது வெற்றிடமாகவே நிற்கிறது. மேலும், குவெரியின் கட்டளையை எழுத்தாகக் காட்டும் எஸ்க்யூஎல் பார்வையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொகைகளை மட்டும் கேட்டால், ‘தொகை’யின் மதிப்பை என்னையே உள்ளிடச் சொல்லி ஒரு சிறு பெட்டி திறக்கிறது. பேசாமல் தொகையையும் ஜிஎஸ்டியையும் அட்டவணையிலேயே சேமித்துவிடலாமா?

செம்பூர்வாசி:
தள்ளுபடிப் புலத்தில் இருப்பது பூச்சியம் அன்று, ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத நிலை. அது கலந்த எந்தக் கணக்கின் விடையும் நல்தான். தள்ளுபடியை ‘என்இசட்’ சார்புக்குள் இட்டு, மாற்று மதிப்பாக 0 கொடுங்கள். அந்தச் சார்பு ஆக்சஸுக்குள் மட்டுமே செல்லும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற பிற தரவுத்தளங்களில் ‘கோயலெஸ்’ என எழுத வேண்டும்.

காட்ட வேண்டிய புலங்களைச் சொல்லும் ‘செலக்ட்’ பகுதியில் சூட்டிய பெயர், நிபந்தனையைச் சொல்லும் ‘வேர்’ பகுதிக்குத் தெரியாது என்பதால்தான் அந்தப் பெட்டி வருகிறது. அங்கே சூத்திரத்தையே மறுபடி எழுதுங்கள். அல்லது இந்தக் குவெரியைச் சேமித்து, அதன்மேல் இன்னொரு குவெரி எழுதுங்கள்.

தாராவி டேட்டா:
தொகையைச் சேமிக்க வேண்டாம். பிறகு எண்ணிக்கையை மட்டும் யாராவது திருத்தினால், இரண்டில் எது சரி என்று தணிக்கையாளரிடம் சொல்ல முடியாது.

வரி விகிதம் அப்படியன்று. 2025 செப்டம்பர் 22 அன்று பாத்திரங்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. விகிதம் பொருள் அட்டவணையில் மட்டும் இருந்து, குவெரி அங்கிருந்தே அதை எடுத்துப் பெருக்குமானால், ஆகஸ்டில் 1,500 ரூபாய்ச் சரக்குக்கு 180 ரூபாய் வரியுடன் போட்ட பில், விகிதத்தை மாற்றிய கணமே திரையில் 75 ரூபாய் வரி என்று காட்டும். வாங்கியவர் கையிலுள்ள தாளிலோ 180 என்றுதான் இருக்கும். விற்ற அன்றைய விலையையும் விகிதத்தையும் விற்பனைப் பதிவிலேயே எழுதி வைத்து, பெருக்கலை மட்டும் குவெரிக்கு விடுங்கள்.

மாட்டுங்கா கணக்கர்:
மிக்க நன்றி, இரண்டும் சரியாகிவிட்டன. ஆனால் குஜராத்துக்கு அனுப்பிய 2,250 ரூபாய்ச் சரக்கின் ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி) 112.50 வர, முழு எண்ணாக்கும் ‘ரவுண்ட்’ சார்பு அதை 112 ஆக்குகிறது. 113 அல்லவா வர வேண்டும்?

தாராவி டேட்டா:
ஆக்சஸின் ‘ரவுண்ட்’ சரிபாதியை அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளும். மத்திய ஜிஎஸ்டி (சிஜிஎஸ்டி) சட்டத்தின் 170ஆம் பிரிவுப்படி 50 பைசாவும் அதற்கு மேலும் முழு ரூபாயாக உயர வேண்டும். எனவே வரியுடன் 0.5 கூட்டி, பின்னத்தை நீக்கும் ‘இன்ட்’ சார்புக்குள் இடுங்கள்.