போப்பாண்டவர் படத்தில் கிரீடம் எங்கே போனது?

கோபி ஓவியன்:
எங்கள் பக்கத்துக் கோயிலுக்குத் திருப்பணி செய்த பெரியவரை ஆயில் பெயின்ட்டில் வரையச் சொல்லியிருக்கிறார்கள், மண்டபத்தில் மாட்ட. பரிவட்டம், மாலை எல்லாம் பளிச்சென்று வேண்டுமாம், மகன் சொல்கிறார். மாதிரிக்கு இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்த போப் இரண்டாம் ஜூலியஸ் படத்தை எடுத்தால், மனுசன் கீழே பார்த்துக்கொண்டு சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். வாட்டிகனின் சிஸ்டைன் தேவாலயக் கூரையை மைக்கலாஞ்சலோவிடம் சொல்லி வரையவைத்தவர் இவர்தானே? இவரை இப்படி வரைய ரஃபேல் எப்படித் துணிந்தார்?

பெருந்துறை டிராயிங் வாத்தியார்:
தம்பி, முதலில் தாடியைப் பாருங்க. அந்தக் காலத்துப் போப்புகள் தாடி வைப்பதில்லை. பிரெஞ்சுக்காரர்களை இத்தாலியை விட்டு விரட்டும்வரை மழிப்பதில்லை என்று இவர் வளர்த்தது. பழனிக்கு முடி வளர்க்கிறோமே, அதுபோல; ஆனால் வேண்டுதல் போருக்கு! நடுவில் 1511இல், போப்பின் ஆட்சியில் இருந்த பொலோஞ்யா நகரமும் கைவிட்டுப் போனது. 1512 மார்ச்சில் தாடியை எடுத்துவிட்டார். படத்தின் காலத்தைக் கணிக்கவே அந்தத் தாடிதான் உதவியது.

அதிகாரம் முகத்தில் இல்லை, நாற்காலியில் இருக்கிறது. முதுகுச் சாய்வின் இரண்டு முனையிலும் தங்க ஓக் கொட்டைகள். அவர் குடும்பச் சின்னமே ஓக் மரம். இடது கை நாற்காலியை எப்படிப் பிடித்திருக்கிறது பாருங்க, விடுகிற கை இல்லை அது. பின்னால் இருக்கிற பச்சைத் திரையில் முதலில் போப்புக்குரிய சாவிச் சின்னங்களைத்தான் போட்டிருந்தார் ரஃபேல். அப்புறம் மேலேயே பச்சை அடித்துவிட்டார். எக்ஸ்ரேயில் தெரிந்தது. அந்த அழிப்புதான் எனக்குப் பாடம். மாலையை வரைந்து பாருங்க, கனமாகத் தெரிந்தால் மூடிவிடுங்க.

பவானிக்காரன்:
இதே போப்புக்கு மைக்கலாஞ்சலோ பொலோஞ்யாவில் பெரிய வெண்கலச் சிலை செய்துவைத்தார், 1508இல். ஊர் கைமாறியதும் 1511இல் உடைத்து, அந்த வெண்கலத்தில் பீரங்கி வார்த்துவிட்டார்கள். சோர்ந்த கிழவர் படம் லண்டன் நேஷனல் கேலரியில் பத்திரமாக இருக்கிறது.

கோபி ஓவியன்:
வாத்தியார் ஐயா, மகன் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

திருப்பூர் ஃப்ளெக்ஸ்:
அண்ணா, காசு கொடுக்கிறவர் கேட்டால் பரிவட்டத்தைப் போட்டுவிடுங்க. வெனிஸ் ஓவியர் டிஷியன் தன் மகனுக்குத் திருச்சபை மானியம் கிடைக்கும் என்று நம்பி 1545இல் ரோமுக்குப் போய், போப் மூன்றாம் பாலைப் பேரன்களோடு கூன் விழுந்த கிழவராக வரைந்தார். படமும் முடியவில்லை, மானியமும் நினைத்தபடி வரவில்லை. நீங்க அட்வான்ஸ் வாங்கியாச்சா? முதலில் அதைச் சொல்லுங்க.