‘நைட்கிராலர்’ மாதிரி, சிரித்துவிட்டுச் சங்கடப்பட வைக்கும் படங்கள் வேறென்ன?

நைட்ஷிஃப்ட்:
ஆறு வருடம் ஒரு செய்திச் சேனலில் எடிட்டிங் டெஸ்க்கில் இருந்தேன். நேற்றுதான் ‘நைட்கிராலர்’ (2014) பார்த்தேன். விபத்துகளைப் படம்பிடித்துச் சேனல்களுக்கு விற்க, போலீஸுக்கு முன்னால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் லூ புளூம், ஃப்ரேம் சரியில்லை என்று உடலையே இழுத்து வெளிச்சத்தில் போடுகிறானே, அங்கே சிரித்துவிட்டேன். உடனே சுருக்கென்றது. விபத்து என்றால் எங்கள் டெஸ்க்கில் முதல் கேள்வி “விஷுவல் வந்தாச்சா?” என்பதுதான். எத்தனை பேருக்கு அடி என்பதெல்லாம் அப்புறம். “இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் எடுத்திருக்கலாமே” என்று ஒரு ஸ்டிரிங்கரிடம் (சேனலுக்கு வெளியிலிருந்து படம் எடுத்துத் தருபவர்) நானே சொல்லியிருக்கிறேன்.

‘நெட்வொர்க்’ (1976) பார்த்தாச்சு. அதில் எல்லோரும் பிரமாதமாகப் பேசுகிறார்கள். எனக்குப் பேச்சு வேண்டாம். டிவியில் வந்தே தீருவேன் என்று அலையும் ஒரு ஆள் வேண்டும்.

இடைவேளை:
அப்படியானால் ‘டு டை ஃபார்’ (1995). நிக்கோல் கிட்மன் உள்ளூர் கேபிளில் வானிலை வாசிப்பவர். புருஷன் குறுக்கே நிற்கிறான், அவ்வளவுதான். அவன் இறுதிச் சடங்கில் ஒரு கேசட் பிளேயரை வைத்து ‘ஆல் பை மைசெல்ஃப்’ பாட்டைப் போடுவார் பாருங்கள்! அமெரிக்காவில் நடந்த ஒரு கொலை வழக்கைத் தழுவிய நாவலிலிருந்து எடுத்த படம்.

கடைசி_ரீல்:
பழைய படம் பரவாயில்லையா? பில்லி வைல்டரின் ‘ஏஸ் இன் தி ஹோல்’ (1951). குகையில் ஒருவன் சிக்கிக்கொள்கிறான். சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தால் சீக்கிரம் மீட்டுவிடலாம். நிருபர் கிர்க் டக்ளஸ் மேலிருந்து துளை போடச் சொல்கிறார், செய்தி இன்னும் சில நாள் ஓடட்டும் என்று. வெளியே கூட்டம் கூடக் கூட நுழைவுக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். வந்த புதிதில் படம் ஓடவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கும் பிடிக்கவில்லை, பிடிக்குமா பின்னே?

ஆனால் நீங்கள் கேட்ட ஆள் இருப்பது ஸ்கோர்செஸியின் ‘தி கிங் ஆஃப் காமெடி’யில் (1982). ரூபர்ட் பப்கின். அவன் பெயரை யாருமே சரியாகச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் அட்டை உருவங்களோடு உட்கார்ந்து பேட்டி கொடுத்துப் பழகுவான். அம்மா மாடியிலிருந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவார். கடைசியில், டிவியில் பேட்டி நிகழ்ச்சி நடத்தும் ஜெர்ரி லூயிஸைக் கடத்துகிறான். கேட்பது பணமில்லை, அந்த நிகழ்ச்சியில் ஜோக் சொல்ல ஓர் இடம்.

இடைவேளை:
அந்த அம்மா குரல் ஸ்கோர்செஸியின் சொந்த அம்மாவுடையது!

நைட்ஷிஃப்ட்:
நேற்று இரவே ‘கிங் ஆஃப் காமெடி’ பார்த்துவிட்டேன். அவன் மேடையில் சொல்வதெல்லாம் சின்ன வயதில் வாங்கிய அடி உதை. அரங்கம் சிரிக்கிறது. ஜோக்குகள் மோசமும் இல்லை, அதுதான் கஷ்டம். பழக்க தோஷத்தில் எங்கே கட் பண்ணலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு ஓயும் இடத்தில்தான் பண்ணியிருப்பேன்.

அந்த ஸ்டிரிங்கரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. கூப்பிட்டு என்ன சொல்ல? ‘டு டை ஃபார்’ இந்த வாரக் கடைசியில்.